ஏஐ மழையைச் சீக்கிரம் சொல்லும், காயல்பட்டினத்தைச் சொல்லுமா?

2023 டிசம்பர் 18-ஆம் தேதி காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. பக்கத்து ஊரான திருச்செந்தூரில் 69 செ.மீ. அந்த மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்யும் சராசரி மழையைவிட அதிகம், ஒரே நாளில். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கில் மாட்டிக்கொண்டது பலருக்கும் ஞாபகம் இருக்கும்.

வெள்ளம் வடிவதற்குள் அரசியல் ஆரம்பித்துவிட்டது. மழையின் தீவிரத்தை வானிலை ஆய்வு மையம் சரியாகச் சொல்லவில்லை என்றது மாநில அரசு. 12-ஆம் தேதியே எச்சரித்தாயிற்று என்றது மத்திய அரசு. இந்தச் சண்டையில் ஒரு சின்ன விஷயம் அடிபட்டுப்போனது. வானிலை மையத்தின் வகைப்பாட்டில் 'அதி கனமழை'தான் உச்சம். அதன் பொருள் 20 செ.மீ.-க்கு மேல். அதாவது 21 செ.மீ.-க்கும் அதே சொல், 95 செ.மீ.-க்கும் அதே சொல். முன்னது தெருவில் தண்ணீர் நிற்கிற மழை. பின்னது ஊரே மூழ்குகிற மழை. இந்த வித்தியாசத்தை இரண்டு நாளுக்கு முன்பே, எண்ணாகச் சொல்ல ஏதாவது ஒரு கணினியால் முடியுமா?

இப்போதெல்லாம் இதற்கு ரெடிமேடாக ஒரு பதில் வருகிறது: ஏஐ. பத்து நாள் வானிலையை ஒரு நிமிடத்துக்குள் கணித்துவிடும் நியூரல் நெட்வொர்க்குகள் வந்துவிட்டன. 'அப்போ கோடிக்கணக்கில் செலவு பண்ணி சூப்பர் கம்ப்யூட்டர் எதுக்கு?' என்று கேட்கத் தோன்றும். வேகம் உண்மைதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த வேகத்துக்குப் பின்னால் பல்லாண்டு காலம் மெதுவாகப் போட்ட கணக்கு இருக்கிறது. அதை மறந்துவிட்டு மெதுவான கணக்கை ஓரங்கட்டினால், அடுத்த காயல்பட்டினத்தை ஏஐ-யும் கோட்டைவிடும்.

மேகத்தைவிடப் பெரிய கட்டம்

வானிலைக் கணிப்பு என்பது அடிப்படையில் சில வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கு விடை காண்பது. காற்றின் வேகம், அழுத்தம், வெப்பம், ஈரப்பதம் ஆகியவை இந்த நொடியில் எப்படி மாறுகின்றன என்று அந்தச் சமன்பாடுகள் சொல்கின்றன. 'இப்போது எப்படி இருக்கிறது' என்று கொடுத்தால், 'அடுத்த சில நிமிடத்தில் எப்படி இருக்கும்' என்று கணக்கிடலாம். அதிலிருந்து அதற்கடுத்த சில நிமிடம். இப்படியே பத்து நாள்.

காகிதத்தில் இவற்றுக்கு முழு விடை கிடையாது. அதனால் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எண் வைத்துக்கொண்டு கணினி வேலை செய்கிறது. 2025 மே மாதம் அறிமுகமான 'பாரத் முன்கணிப்பு அமைப்பு' 6 கி.மீ. கட்டத்தில் ஓடுகிறது. அதற்கு முன்பு 12 கி.மீ. அந்தக் கட்டத்தில் காயல்பட்டினமும் திருச்செந்தூரும் ஒரே கட்டத்துக்குள்ளோ, அடுத்தடுத்த இரண்டு கட்டங்களிலோ அடங்கிவிடும்.

சிக்கலே இங்கேதான். மழை என்பது ஒரே அளவில் நடக்கிற சமாச்சாரம் இல்லை. மேகத்துளி ஒன்றின் அளவு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அப்படிச் சுமார் பத்து லட்சம் துளிகள் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. இடிமேகம் ஒன்றின் அகலம் சில கிலோமீட்டர். குமரிக்கடலில் உருவாகும் சுழற்சிக்குச் சில நூறு கிலோமீட்டர். பருவக்காற்றுக்கு ஆயிரக்கணக்கில். மிகச் சிறியதற்கும் மிகப் பெரியதற்கும் உள்ள விகிதத்தை எழுதினால் ஒன்றுக்குப் பின்னால் 12 பூஜ்யம். இத்தனை அளவுகளும் ஒன்றையொன்று பாதிக்கின்றன. துளி பெரிதானால் மழை. மழை பெய்தால் வெளிவரும் வெப்பம் சுழற்சியை வலுவாக்கும். வலுவான சுழற்சி இன்னும் ஈரத்தை இழுத்து வரும். இதைத்தான் கணிதத்தில் பல்லளவுச் சிக்கல் என்கிறார்கள்.

'கட்டத்தைச் சின்னதாக்கிவிட்டால் போச்சு' என்று நினைக்கலாம். நீளம், அகலம் இரண்டையும் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகும். அதோடு முடியாது. காற்றில் போகும் அலை ஒரு கட்டத்தைத் தாண்டுவதற்குள் அடுத்த கணக்கைப் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் விடை வெடித்துச் சிதறும். 1928-இல் கூரான்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லூவி ஆகிய மூவர் கண்டுபிடித்த விதி இது. ஆக, நேர இடைவெளியும் பாதியாக வேண்டும். மொத்தம் எட்டு மடங்கு வேலை. 6 கி.மீ. கட்டத்தில் ஒரு கணிப்புக்கு 4 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கணினியில் 100 மீட்டர் கட்டத்துக்குப் போனால் தோராயமாக நூறு வருஷம் ஆகும். பத்து நாள் கணிப்புக்கு நூறு வருஷம்!

145 என்ற எண்

இந்தத் தலைவலி கணினிக்கும் முந்தியது. முதல் உலகப் போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டிய ஆங்கிலேயர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன், 1910 மே 20-ஆம் தேதி வானிலையைக் கையாலேயே கணக்கிட்டுப் பார்த்தார். ஆறு மணி நேரக் கணிப்புக்குச் சுமார் ஆறு வாரம் பிடித்தது. ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் உயரும் என்று விடை வந்தது. 1999-இல் ஒடிசாவைத் தாக்கிய சூப்பர் புயலின் மையத்தில்கூட அழுத்தம் இயல்பைவிடச் சுமார் 100 ஹெக்டோபாஸ்கல்தான் குறைந்திருந்தது. அந்த மே மாத நாளிலோ அழுத்தம் பெரிதாக அசையவே இல்லை.

ரிச்சர்ட்சன் இந்தத் தோல்வியை மறைக்காமல் 1922-இல் புத்தகமாகவே போட்டார். பல்லாண்டுகள் கழித்து அயர்லாந்து வானிலையாளர் பீட்டர் லிஞ்ச் அதே கணக்கைத் திரும்பப் போட்டுக் காரணத்தைக் காட்டினார். சமன்பாட்டில் தப்பில்லை. மெதுவாக நகரும் வானிலையோடு, வேகமாக ஓடும் ஈர்ப்பு அலைகளின் இரைச்சலும் ஆரம்ப எண்களில் கலந்திருந்தது. அந்த இரைச்சலை வடிகட்டியதும் விடை உண்மைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. வேகமானதும் மெதுவானதும் ஒரே சமன்பாட்டில் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

கட்டத்துக்குள் அடங்காத மேகத்தை என்ன செய்வது? இத்தனை காலம் செய்துவந்தது, தோராய விதி எழுதுவது. 'இந்தக் கட்டத்தில் இவ்வளவு ஈரம், இவ்வளவு வெப்பம் இருந்தால் சராசரியாக இவ்வளவு மழை பெய்யும்' என்று மனிதர்கள் அனுபவத்தை வைத்து எழுதிச் சமன்பாட்டோடு ஒட்டவைத்தார்கள். வானிலை மாடல்களில் அதிகம் தடுமாறும் இடம் இந்த ஒட்டுதான்.

நியூரல் நெட்வொர்க் நுழைந்த இடம்

2000-களின் தொடக்கத்தில் ஒரு மாற்று வழி வந்தது. உலக மாடலின் ஒவ்வொரு பெரிய கட்டத்துக்குள்ளும் ஒரு குட்டி மேக மாடலை வைத்து ஓட்டுவது. விடை மேம்பட்டது. ஆனால் செலவு தாங்கவில்லை.

2018-இல் ஸ்டீபன் ராஸ்ப், மைக்கேல் பிரிட்சர்ட், பியர் ஜென்டைன் மூவரும் அந்தக் குட்டி மாடலை ஒரு வருடத்துக்கு ஓட்டிச் சுமார் 14 கோடி மாதிரிகளைச் சேகரித்தார்கள். 'உள்ளே போனது இது, வெளியே வந்தது இது' என்ற ஜோடிகள். அவற்றை ஒரு நியூரல் நெட்வொர்க்குக்குக் கற்றுக்கொடுத்து, குட்டி மாடலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நெட்வொர்க்கை வைத்தார்கள். பெரிய அளவிலான காற்றோட்டத்தைப் பழையபடி சமன்பாடே கவனித்துக்கொண்டது. மேகத்தை மட்டும் நெட்வொர்க் பார்த்துக்கொண்டது. வேகம் சுமார் 20 மடங்கு.

எப்படி இவ்வளவு வேகம்? குட்டி மாடல் ஒவ்வொரு முறையும் மேகத்தை ஆரம்பத்திலிருந்து வளர்த்துப் பார்க்கிறது. நெட்வொர்க் அப்படிச் செய்வதில்லை. பத்து வருஷ வினாத்தாளைப் புரட்டிய மாணவர் மாதிரி, 'இப்படிக் கேட்டா இப்படித்தான் விடை' என்று சில பெருக்கல் கூட்டலில் முடித்துவிடும். படிக்கும்போது ஆன செலவு தேர்வு அறையில் தெரியாது. நேரத்தைச் செலவழித்தது வினாத்தாளைத் தயாரித்த அந்த மெதுவான மாடல்.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. கடல் 4 டிகிரி சூடாகிவிட்டதாக வைத்துச் சோதித்தபோது, பழைய காலநிலையில் மட்டும் பயின்ற அந்த நெட்வொர்க் சொதப்பியது. சிலபஸுக்கு வெளியே கேள்வி!

சமன்பாட்டையும் நெட்வொர்க்கையும் கலக்கும் இந்த வழியில் இன்று முன்னணியில் இருப்பது கூகுளின் நியூரல்ஜிசிஎம். 2024 ஜூலையில் நேச்சர் இதழில் வெளியானது. இன்னொரு கோஷ்டி, சமன்பாட்டையே தூக்கிவிட்டு முழுக்க நெட்வொர்க்கை வைத்தே கணிப்பது. கூகுள் டீப்மைண்டின் கிராஃப்காஸ்ட் அந்த வகை. பத்து நாள் கணிப்பை ஒரு நிமிடத்துக்குள் ஒரே சிப்பில் முடிக்கிறது. நடுத்தர கால வானிலைக் கணிப்புகளுக்கான ஐரோப்பிய மையமும் தன் ஏஐ மாடலை 2025 பிப்ரவரி 25-இல் அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. மின்சாரச் செலவு சுமார் ஆயிரம் மடங்கு குறைவு என்கிறது அந்த மையம். ஆனால் கவனியுங்கள், சமன்பாட்டில் ஓடும் பழைய மாடலை அது நிறுத்தவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன.

அதற்குக் காரணம் இருக்கிறது. இந்த நெட்வொர்க்குகள் எல்லாம் படித்த பாடப்புத்தகம் பெரும்பாலும் ஒன்றுதான்: அந்த ஐரோப்பிய மையம் தயாரித்த ஈஆர்ஏ5 என்ற தரவுத் தொகுப்பு. 1940 முதல் இன்றுவரையான வானிலையை, கிடைத்த அளவீடுகளையும் சமன்பாட்டு மாடலையும் சேர்த்து மறுபடி கட்டியது. அளவீடு இல்லாத இடங்களை நிரப்பியது சமன்பாடு. அன்றாடக் கணிப்புக்குத் தேவையான 'இப்போது எப்படி இருக்கிறது' என்ற ஆரம்ப நிலையும் இன்றைக்கும் பழைய மாடல் வழியாகத்தான் வருகிறது.

எத்தனை மடங்கு என்று சொல்லும்போது

வேகம் பற்றிய விளம்பரங்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஒரு வருட வளிமண்டலத்தை ஓட்ட அமெரிக்காவின் எக்ஸ்-ஷீல்ட் மாடலுக்கு 20 நாள், நியூரல்ஜிசிஎம்முக்கு 8 நிமிடம் என்று கூகுள் சொன்னது. பொய் இல்லை. ஆனால் எக்ஸ்-ஷீல்டின் கட்டம் சுமார் 3 கி.மீ., ஒப்பிட்ட நியூரல்ஜிசிஎம்மின் கட்டம் சுமார் 140 கி.மீ. ஒன்று தெருவைப் பார்க்கிறது, மற்றது மாவட்டங்களைப் பார்க்கிறது. பெரிய கட்டத்திலேயே நல்ல விடை தருவதுதான் எங்கள் சாதனை என்று கூகுள் வாதிடலாம். சில கேள்விகளுக்கு அது நியாயமும்கூட. காயல்பட்டினம் மாதிரியான கேள்விக்கு அது பொருந்தாது.

இது கூகுளின் பிரச்சினை மட்டும் இல்லை. நிக் மெக்கிரீவி, அம்மார் ஹக்கீம் இருவரும் 2024-இல் நேச்சர் மெஷின் இன்டெலிஜென்ஸ் இதழில் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டார்கள். திரவம், வாயு தொடர்பான சமன்பாடுகளை வழக்கமான முறையைவிட நியூரல் நெட்வொர்க் வேகமாகத் தீர்க்கிறது என்று சொன்ன 76 ஆய்வுகளை எடுத்துப் பார்த்ததில், 60 ஆய்வுகள் பலவீனமான எதிராளியோடுதான் மோதியிருந்தன. நோஞ்சானைத் தள்ளிவிட்டு மல்யுத்த சாம்பியன் என்று அறிவித்துக்கொண்ட மாதிரி. அலுவலகத்தில் யாராவது 'ஏஐ போட்டா ஆயிரம் மடங்கு ஸ்பீடு' என்று ஸ்லைடு காட்டினால், எதோடு ஒப்பிட்டு, அதே துல்லியத்திலா என்று கேட்டுவிடுங்கள்.

வேகத்தைவிட முக்கியமான கேள்வி, பார்க்காததைச் சந்திக்கும்போது நெட்வொர்க் என்ன செய்யும் என்பது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் பெத்ரம் ஹசன்சாதே குழு 2025-இல் இதை நேரடியாகவே சோதித்தது. ஃபோர்காஸ்ட்நெட் என்ற ஏஐ மாடலின் பயிற்சித் தரவிலிருந்து 3 முதல் 5 வரையான வகைகளில் வரும் கடும் புயல்களை எல்லாம் நீக்கினார்கள். பிறகு 5-ஆம் வகைப் புயல் உருவாகும் சூழலைக் காட்டிக் கணிக்கச் சொன்னார்கள். புயல் வரும் என்றது. ஆனால் இவ்வளவு பெரிதாகும் என்று ஒவ்வொரு முறையும் சொல்லத் தவறியது. பேரிடரில் இதைவிட ஆபத்தான தவறு இல்லை. 'வருது, ஆனா பெருசா ஒண்ணும் இல்லை' என்று கேட்டவர் வீட்டிலேயே இருந்துவிடுவார்.

ஒரு நல்ல செய்தியும் அதில் இருந்தது. ஒரு கடற்பகுதியின் கடும் புயல்களை மட்டும் நீக்கிவிட்டு, வேறு கடலில் வந்தவற்றை விட்டுவைத்தால் நெட்வொர்க் அங்கே கற்றதை இங்கே ஓரளவு பொருத்திக்கொண்டது. அப்படியானால் உலகின் வேறு மூலையில் பெய்த பெருமழையும், சூப்பர் கம்ப்யூட்டரில் செயற்கையாகப் பெய்யவைத்த பெருமழையும் நமக்குப் பாடமாக உதவக்கூடும். அந்தச் செயற்கை மழையைப் பெய்யவைக்க எது வேண்டும்? அதே மெதுவான சமன்பாடு.

எது நன்றாகச் செய்யும்?

ஏஐ வேண்டாம் என்பது நம் வாதம் இல்லை. 2025 காரிஃப் பருவத்தில் மத்திய வேளாண் அமைச்சகம் 13 மாநிலங்களில் சுமார் 3.8 கோடி விவசாயிகளுக்குப் பருவமழை எப்போது தொடங்கும் என்று எஸ்எம்எஸ் அனுப்பியது. நியூரல்ஜிசிஎம், ஐரோப்பிய மையத்தின் ஏஐ மாடல், இந்திய வானிலை மையத்தின் 125 ஆண்டு மழைத் தரவு மூன்றையும் கலந்து செய்த கணிப்பு அது. அந்த ஆண்டு பருவமழையின் முன்னேற்றம் நடுவில் சுமார் 20 நாள் தடைபட்டதையும் முன்கூட்டியே சொன்னதாக அமைச்சகம் தெரிவித்தது. விதைப்பதா, பொறுப்பதா என்று யோசிக்கும் விவசாயிக்கு இது பெரிய உதவி.

ஆனால் அந்தக் கேள்வியின் அளவைப் பாருங்கள். பருவமழையின் தொடக்கம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில், வாரக் கணக்கில் நடப்பது. ஒவ்வொரு வருடமும் நடப்பது. நெட்வொர்க் அதை நிறையப் பார்த்திருக்கிறது. காயல்பட்டினமோ சில கிலோமீட்டரில், சில மணி நேரத்தில், ஒரு தலைமுறைக்கு ஒருமுறைகூட நடக்காதது. இரண்டையும் 'ஏஐ வானிலை' என்று ஒரே பெட்டியில் போடக் கூடாது. முதலாவதின் வெற்றியைக் காட்டி இரண்டாவதிலும் நம்பிக்கை வைக்கச் சொல்வது தப்பான கணக்கு.

அதனால் பணம் எங்கே போக வேண்டும் என்பதில் தெளிவு வேண்டும். 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 'மிஷன் மௌசம்' திட்டத்துக்கு 2,000 கோடி ரூபாய். ரேடார், சூப்பர் கம்ப்யூட்டர், ஏஐ எல்லாம் அதற்குள் வருகின்றன. பட்ஜெட் நெருக்கடி வரும்போது ஏஐ-யைக் காட்டி மற்ற இரண்டையும் வெட்டும் ஆசை எந்த நிதித்துறைக்கும் வரும். தெற்கு மாவட்டங்களை நெருக்கத்தில் பார்க்கும் ரேடாரும், சில நூறு மீட்டர் கட்டத்தில் தமிழகக் கடற்கரையை ஓட்டிப் பார்க்கும் கணினி நேரமும் இல்லாமல், உள்ளூர் மேகத்தைக் கற்றுக்கொள்ள நெட்வொர்க்குக்குப் பாடப்புத்தகமே இருக்காது. ஐரோப்பாவில் 31 கி.மீ. கட்டத்தில் தயாரித்த புத்தகத்தில் காயல்பட்டினம் என்று ஒரு ஊரே தெரியாது.

தரவைத் திறந்துவிடுவதும் அவசரம். ஈஆர்ஏ5-ஐ உலகில் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கிராஃப்காஸ்ட் பிறந்ததே அதனால்தான். இந்திய வானிலை மையம் தினசரி மழையைக் கட்டவாரியாக இலவசமாகத் தருகிறது, பாராட்ட வேண்டியதுதான். ஆனால் நிலையவாரியான மணிக்கணக்குத் தரவு வேண்டுமென்றால் விண்ணப்பம் போட வேண்டும், நீங்கள் யார் என்பதைப் பொறுத்துக் கட்டணமும் கட்ட வேண்டும். மாநில அரசு நிறுவியிருக்கும் தானியங்கி மழைமானிகளின் பழைய பதிவுகளையும் மொத்தமாக இறக்கிக்கொள்ள வழி செய்ய வேண்டும். சென்னையிலும் கோவையிலும் இதே நியூரல் நெட்வொர்க்குகளை வங்கிக்கும் இ-காமர்ஸுக்கும் எழுதித் தள்ளும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் பத்துப் பேர் இந்தத் தரவில் கை வைத்தாலே போதும்.

கடைசியாக, நாளைக்கே செய்யக்கூடிய ஒன்று. தமிழகத்தில் எச்சரிக்கைக்குப் பயன்படுத்தப் போகும் எந்த ஏஐ மாடலுக்கும் முதலில் ஒரு தேர்வு வைக்க வேண்டும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் 49 செ.மீ., 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., 2024-இல் ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் 51 செ.மீ. இந்த மூன்று நாட்களையும் பயிற்சித் தரவிலிருந்து எடுத்துவிட்டு, இரண்டு நாள் முந்தைய நிலையைக் கொடுத்துக் கணிக்கச் சொல்ல வேண்டும். சமன்பாட்டு மாடலையும் அதே தேர்வில் உட்காரவைக்க வேண்டும். 'அதி கனமழை' என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது, எத்தனை செ.மீ., எத்தனை சதவீத வாய்ப்பு என்று எண்ணாக வர வேண்டும். இரண்டு விடைத்தாளையும் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் பொதுவில் வெளியிட வேண்டும்.